அதே பாதையில்தான் நடந்து வருகிறோம்

ஸ்கெல்பெக் ஊரில் டோரீன் கேப்ஸ்டிக்கிடம் வாய் கொடுத்து மீண்டவர்கள் கிடையாது. பள்ளிக்கூடப் பஸ் ஓட்டியே தலை நரைத்தவள். பின்னால் பஸ் நிறையப் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, முன்னால் யார்க்‌ஷயர் பனி கண்ணாடியை மூட, குரலை உயர்த்தாமல் இரண்டையும் அடக்கி ஓட்டியவள். இன்றைக்கு ஊரில் தொப்பையும் தாடியுமாகத் திரிகிற பாதி ஆண்கள், ஒரு காலத்தில் தலைக்கு மேல் இருந்த கண்ணாடியில் அவள் விட்ட பார்வைக்குப் பயந்து சீட்டில் ஒழுங்காக உட்கார்ந்தவர்கள்தான். அதனால், லோ இங் பண்ணைக்குப் புதிதாக வந்த ஆள் பாதையைப் பூட்டியதும், ஊரே டோரீனின் முகத்தைத்தான் பார்த்தது.

பாதை என்றால் ஏதோ ராஜபாட்டை என்று நினைத்துவிட வேண்டாம். சர்ச்சுக்குப் பின்னால் கல்படி ஏறி மதிலைத் தாண்டினால் லோ இங் பண்ணையின் மேய்ச்சல் நிலம் வரும். அதைக் குறுக்காகக் கடந்தால் ஓடை. ஓடைக்கரையோடு போனால் நெதர் ரோ என்ற வரிசை வீடுகள். கடைசி வீட்டில் டோரீனின் அக்கா ஈனிட் இருக்கிறாள். இரண்டு பேரும் புருஷனைப் பறிகொடுத்தவர்கள். ஒருத்திக்கு இன்னொருத்தி, அவ்வளவுதான்.

ரோட்டு வழியாகப் போவதென்றால் குன்றையே சுற்ற வேண்டும். ஓரத்தில் ஒரு ஆள் ஒதுங்க இடமில்லாத ரோடு. கல் குவாரி லாரிக்காரர்கள் வளைவில் பிரேக்கைத் தொடுவதே இல்லை. ஈனிட் வண்டி ஓட்டிப் பழகாதவள். டோரீனுக்கோ, போன குளிர்காலத்தில் கண் டாக்டர் உதட்டைப் பிதுக்கிவிட்டார். நடுப்பார்வை மங்கிக்கொண்டு வருகிறது, இனி ஸ்டீயரிங்கைத் தொடாதீர்கள் என்றார். ஆயுசெல்லாம் வண்டி ஓட்டியவள், லைசென்ஸைத் திருப்பி அனுப்பிய அன்றைக்குக்கூட அழவில்லை. "காலு ரெண்டும் நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லிவிட்டு, பாதையில் இறங்கி அக்கா வீட்டுக்கு டீ குடிக்கப் போனாள். அன்றிலிருந்து தினமும் போனாள். வசந்தத்தில் ஒரு நாள் போனபோது கல்படிக்கு முன்னால் கேட்டும் சங்கிலியும் 'தனியார் நிலம்' என்ற பலகையும் நின்றன.

பூட்டியவர் ஜூலியன் ஃபேரோ. தெற்கே இருந்து வந்தவர். கெட்ட மனுஷர் என்று சொல்ல முடியாது, எதிரே பார்த்தால் தொப்பியைத் தொடுவார். பண்ணையை விற்ற கீத் டின்ஸ்டேல் அவரிடம் பாதை எதுவும் கிடையாது என்று சொல்லித்தான் விற்றிருந்தான். கீத்தின் அப்பா, கிழவர் வால்டர், உயிரோடு இருந்த வரைக்கும் ஸ்கெல்பெக் மொத்தமும் அந்த வயலில்தான் நடந்தது. ஆனால் அவர் போய்ச் சேர்ந்து சில வருஷம் ஆகிவிட்டது. செத்தவர் வந்து சாட்சி சொல்லப் போகிறாரா என்ன?

கவுன்சில் அதை ஊர்ப் பாதையாகப் பதிவு செய்ய முன்வந்தது. ஃபேரோ ஆட்சேபித்தார். ஆகவே அரசாங்கத்திலிருந்து ஓர் இன்ஸ்பெக்டர் வந்து விசாரிப்பார், சாட்சிகளைக் கேட்பார், முடிவு சொல்வார் என்று ஆயிற்று. டோரீன் சாட்சிகளை எல்லாம் பப்பின் மாடி அறைக்கு வரச் சொன்னாள்.

"சட்டம் ரொம்ப சுலபம்," என்றாள். நாற்காலியில் உட்காராமல், பஸ் புறப்படும் முன் பிள்ளைகளை எண்ணுகிறவளைப் போல நின்றாள். "இருபது வருஷம் ஜனங்க ஒரு பாதையில நடந்துட்டு வந்தா அது ஊர்ப் பாதை. ஆனா வேலியை ஒடச்சுட்டு நடந்திருக்கக் கூடாது. ஒளிஞ்சு மறைஞ்சு நடந்திருக்கக் கூடாது. யார்கிட்டயும் அனுமதி கேட்டு நடந்திருக்கக் கூடாது."

"கேக்காம நடந்தாத்தான் உரிமையா?" என்றார் நார்மன் அக்ராய்ட். கறிக்கடையை மூடிவிட்டு இப்போது பப்பில் முழுநேர வேலை பார்க்கிறவர், அதாவது பீர் குடிக்கிறவர். "நான் கடை வெச்சிருந்தவரைக்கும் ஒருத்தரும் கேக்காம எடுத்துட்டுப் போயிட்டு, உரிமைன்னு சொன்னதில்லையே கண்ணு."

"உன் சாஸேஜைக் கேட்டும்கூட யாரும் எடுத்துட்டுப் போகல நார்மன். வாயை மூடு."

சிரிப்பு அடங்கும் வரை காத்திருந்துவிட்டு டோரீன் விஷயத்துக்கு வந்தாள். "இப்ப நல்லாக் கேட்டுக்குங்க. அங்க போயி 'நடந்தேன்'னு சொல்லாதீங்க. நடந்தேன்னா என்னைக்கோ நடந்து முடிஞ்சுபோன கதைன்னு ஆயிடும். 'நடந்துட்டு வர்றேன்'னு சொல்லணும். அன்னைக்கு ஆரம்பிச்சது இன்னிக்கு வரைக்கும் விட்டுப்போகல. புரியுதா? அப்புறம், 'ஒரு பாதை'ன்னு சொல்லாதீங்க. 'அதே பாதை'. அம்புட்டுதான். 'இத்தனை வருஷமா அதே பாதையிலதான் நடந்துட்டு வர்றேன். யாரும் தடுக்கல. யாரையும் கேக்கல.' எங்க, சொல்லுங்க பாக்கலாம்."

பெரிய மனுஷர்கள் எல்லாரும் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளாக மாறி ஒரே குரலில் சொன்னார்கள். நார்மன் கையைக்கூடக் கட்டிக்கொண்டார்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த ஈனிட் மட்டும் சொல்லவில்லை. ஈனிட் பேச ஆரம்பிப்பதே ஒரு வேலை. முதலில் தொண்டையைச் செருமிக்கொள்வாள். பிறகு கார்டிகனின் மேல் பட்டனைத் தொட்டுப் பார்ப்பாள். அதற்குள் டோரீன் அவளுக்கும் சேர்த்துப் பேசி முடித்திருப்பாள். சின்ன வயசிலிருந்தே அப்படித்தான். ஈனிட்டுக்கு என்ன வேண்டும் என்று கேட்டால் டோரீன்தான் பதில் சொல்வாள். பல சமயம் அந்தப் பதில் சரியாகவும் இருந்துவிடும், அதுதான் வினை.

"அப்ப பார்கினை என்ன பண்றது?" என்றாள் ஈனிட்.

"என்ன பார்கின்?"

"வருஷா வருஷம் நவம்பர்ல, ஊரெல்லாம் நெருப்பு மூட்டற பண்டிகை அன்னைக்கு, வால்டருக்கு ஒரு டின் பார்கின் கொண்டுபோய்க் குடுப்பேனே. பாதைக்கு நன்றின்னு சொல்லி. அப்ப அவரு..."

டோரீனின் முகம் வெளுத்தது. ஓட்ஸும் இஞ்சியும் பாகும் போட்டு அக்கா சுடுகிற அந்தக் கேக்கை அவளும் எத்தனையோ நவம்பரில் தின்றிருக்கிறாள். அதில் ஒரு டின் வயலைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது என்று அவளுக்குத் தெரியாது.

"நன்றின்னா சொன்ன? அந்த வார்த்தையவா சொன்ன?"

"ஒருத்தரோட நெலத்துல நடக்கறோம். நன்றி சொல்லாம எப்படி டோரீன்?"

"நன்றின்னு சொன்னா அவரு அனுமதி குடுத்தாருன்னு ஆயிடும். அனுமதி குடுத்தாருன்னா பாதை போச்சு. கேக்குக்குப் பதிலா பாதைன்னு பேசுவாங்க. வாடகை குடுத்த மாதிரி."

"ஆனா அவரு என்ன சொன்னாருன்னா..."

"அவரு என்ன சொல்லியிருந்தாலும் வேண்டாம் ஈனிட். பார்கின்ங்கிற பேச்சே அந்த ஹால்ல வரக் கூடாது. உன்னைக் கேட்டா நான் சொல்லிக்குடுத்ததை மட்டும் சொல்லு."

ஈனிட் பட்டனிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

விசாரணை ஊர் ஹாலில் நடந்தது. சுவரில் பழைய கிரிக்கெட் டீம்களின் போட்டோக்கள், மூலையில் டீ அண்டா, நடுவில் இன்ஸ்பெக்டர் லம்லி. ஒல்லியான, சத்தமில்லாத மனுஷர். வீட்டிலிருந்து பிளாஸ்கில் காப்பி கொண்டுவந்திருந்தார், யாருடைய டீயையும் தொடவில்லை. ஃபேரோவுக்காக வந்த வக்கீல் மிஸ் பெம்பர்டன் சின்னப் பெண்தான். ஆனால் தேன் தடவின குரல். அந்தக் குரலைக் கேட்டதுமே டோரீனுக்கு எரிச்சல் வந்தது. ஃபேரோவின் பக்கத்தில் கீத் டின்ஸ்டேல் கழுத்தை நெரிக்கும் டையோடு உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவன் அந்தப் பக்கத்துச் சாட்சி. 'அப்பா இரக்கப்பட்டு ஜனங்களை நடக்க விட்டார்' என்று எழுதிக் கொடுத்திருந்தான்.

ஊர்ச் சாட்சிகள் ஒவ்வொருவராகப் போனார்கள். தபால்காரர் சொன்னார், அதே பாதையில்தான் நடந்துட்டு வர்றேன். சர்ச்சில் ஆர்கன் வாசிக்கிற அம்மாள் சொன்னாள், அதே பாதையில்தான் நடந்துட்டு வர்றேன். நார்மன் ஒருபடி மேலே போய், பிறந்ததிலிருந்து அதே பாதையில்தான் நடந்துட்டு வர்றேன் என்றார்.

"பொறந்ததுல இருந்தா?" என்றாள் பெம்பர்டன். "அவ்வளவு சீக்கிரமா நடக்க ஆரம்பிச்சுட்டீங்களா மிஸ்டர் அக்ராய்ட்?"

"எங்க வீட்டுல எல்லாருக்கும் அவசரம் கண்ணு."

ஹால் சிரித்தது. பெம்பர்டனும் சிரித்தாள். அந்தச் சிரிப்பு டோரீனுக்குப் பிடிக்கவில்லை. பூனை பால் கிண்ணத்தைப் பார்த்துவிட்ட சிரிப்பு அது.

டோரீனின் முறை வந்தபோது அவள் நன்றாகவே சொன்னாள். பஸ் ஓட்டிய காலத்தில் காலையில் எந்த வழியாக நெதர் ரோவைத் தாண்டி டெப்போவுக்கு நடந்தாள், பனியில் எந்த மதிலோரம் ஒதுங்கினாள், கன்று போட்ட பசு எங்கே முட்ட வந்தது, எல்லாவற்றையும் சொன்னாள். பெம்பர்டன் எங்கே தட்டினாலும் கல்லாகத்தான் இருந்தது. திரும்பி வந்து உட்காரும்போது, ஜெயித்தாயிற்று என்றே அவள் நினைத்தாள்.

கடைசியாக ஈனிட் போனாள்.

தொண்டையைச் செருமினாள். பட்டனைத் தொட்டாள். "இத்தனை வருஷமா அதே பாதையிலதான் நடந்துட்டு வர்றேன்," என்று ஆரம்பித்தாள். டோரீன் மூச்சு விட்டாள்.

"மிசஸ் ரோத்வெல்," என்றாள் பெம்பர்டன், "காலையில இருந்து இந்த வாக்கியத்தை நான் எத்தனையோ தடவை கேட்டுட்டேன். ஒரு எழுத்து மாறல. ஊர்ல எல்லாருக்கும் ஒரே வாயா?"

"இல்லைங்க. என் தங்கச்சி சொல்லிக்குடுத்தா."

ஹாலில் நாற்காலிகள் கிறீச்சிட்டன. யாரோ இருமினார்கள். இன்ஸ்பெக்டர் லம்லி நிமிர்ந்தார்.

"தங்கச்சி வேற என்ன சொல்லிக்குடுத்தாங்க?"

"அவ்வளவுதான். நடந்தேன்னு சொல்லாதே, நடந்துட்டு வர்றேன்னு சொல்லுன்னா. அது பொய் இல்லையே. நடந்துட்டுத்தான் வர்றேன்."

"சரி. எதையாவது சொல்ல வேண்டாம்னு சொன்னாங்களா?"

டோரீனுக்கு வாயைத் திறந்து அக்காவுக்குப் பதில் தானே சொல்லிவிட மாட்டோமா என்று இருந்தது. ஆனால் இது டீ மேஜை இல்லை. ஈனிட் தங்கையின் பக்கம் திரும்பிப் பார்த்தாள். கோபமான பார்வை இல்லை. பொய் சொல்லச் சொல்லாதே, எனக்கு அது வராது என்கிற பார்வை. ஈனிட்டுக்கு வராதுதான். சின்ன வயசில் ஜன்னலை உடைத்தது டோரீன் என்று அப்பாவிடம் சொன்னதும் இவள்தான்.

"பார்கினைப் பத்திச் சொல்ல வேண்டாம்னா," என்றாள் ஈனிட்.

பிறகு எல்லாம் வந்தது. நவம்பர், டின், பண்ணை வீட்டுக் கதவு, நன்றி. பெம்பர்டன் அவசரமே படவில்லை. வருஷா வருஷம் கொடுத்தீர்களா? கொடுத்தேன். எதற்காக? பாதைக்காக. அவர் வாங்கிக்கொண்டாரா? வாங்கிக்கொண்டார். அப்படியானால் அவர் அனுமதித்ததற்கு நீங்கள் நன்றி சொன்னீர்கள், அப்படித்தானே?

பாதை கைவிட்டுப் போவதை டோரீன் உட்கார்ந்த இடத்திலிருந்தே பார்த்தாள். ஜெயித்தாயிற்று என்று நினைத்தது யார்? அவளுடைய நம்பிக்கை எல்லாம் காற்றுப் போன டயராக உட்கார்ந்துவிட்டது. அக்காவின் மேல் கோபம் பொங்கியது. அதற்குப் பின்னாலேயே பயம் வந்தது. இனி நெதர் ரோவுக்கு எப்படிப் போவது? யார் கொண்டுபோய் விடுவார்கள்? கண்ணும் போய், வழியும் போய், தன் வீட்டு ஜன்னலில் உட்கார்ந்து லாரிகளை எண்ணிக்கொண்டிருப்பதா?

"நான் நன்றி சொன்னேங்க," என்றாள் ஈனிட் மெதுவாக. "ஆனா அவரு ஏத்துக்கல."

"கேக்கை வாங்கிக்கிட்டாருன்னு இப்பத்தான் சொன்னீங்க."

"கேக்கை வாங்கிக்கிட்டாரு. நன்றியை ஏத்துக்கல. வருஷா வருஷம் அதேதான் சொல்லிட்டு வந்திருக்காரு. 'பாதை என்னோடது இல்ல ஈனிட். எங்க தாத்தா காலத்துக்கு முன்னாடியிருந்தே அது உங்களோடது. நான் குடுக்கறதுக்கு என்ன இருக்கு? மழை பேஞ்சதுக்கு எங்கிட்ட வந்து நன்றி சொல்ற மாதிரி இருக்கு'ன்னுவாரு. ஒரு வார்த்தை மாறாது."

டோரீனுக்கு ஒரு நிமிஷம் எதுவும் புரியவில்லை. பிறகு புரிந்தது. சொந்தக்காரரே என்னுடையது இல்லை என்றால், அதில் அனுமதி எங்கே வந்தது? ஈனிட் அன்றைக்குப் பப்பின் மாடியில் சொல்ல வந்தது இதைத்தான். இரண்டு தடவை வாயைத் திறந்தாள். இரண்டு தடவையும் மூடியது டோரீன்.

பெம்பர்டனும் லேசுப்பட்டவள் இல்லை. "ரொம்ப வசதியா இருக்கு," என்றாள். "சொன்னவரு உயிரோட இல்ல. பக்கத்துல கேட்டவங்க யாரும் இல்ல. நீங்க எழுதிக் குடுத்ததுலயும் இது இல்ல. உங்க தங்கச்சி சொல்லிக்குடுத்த வாக்கியம் மாதிரி இதுவும் ஒண்ணா?"

"இல்லைங்க," என்றாள் ஈனிட். எழுந்து வந்து டோரீனின் பக்கத்தில் உட்கார்ந்தாள். டோரீன் அவளைப் பார்க்கவில்லை, பார்க்க முகமில்லை.

அடுத்து கீத் டின்ஸ்டேல். பெம்பர்டன் அவன் எழுதிக் கொடுத்ததை வாசித்தாள். இரக்கப்பட்டு நடக்க விட்டார், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தியிருப்பார். "இது உண்மைதானே மிஸ்டர் டின்ஸ்டேல்?"

கீத் டையைத் தளர்த்திக்கொண்டான். ஃபேரோவைப் பார்த்தான், பிறகு ஈனிட்டைப் பார்த்தான்.

"அவங்க பாதியைத்தான் சொன்னாங்க," என்றான்.

"யாரு?"

"ஈனிட். அப்பா சொன்னதுல பாதியைத்தான் சொன்னாங்க. கூச்சமா இருந்திருக்கும். மழைக்கு நன்றி சொல்ற மாதிரி இருக்குன்னுட்டு, கதவைச் சாத்தறதுக்கு முன்னாடி, 'ஆனா கேக்கை வெச்சுட்டுப் போ'ன்னுவாரு. எப்பவும் அதேதான். நான் உள்ள அடுப்பு பக்கத்துல உக்காந்துக்கிட்டு, அவரு சொல்றதுக்கு முன்னாடியே வாய்க்குள்ள சொல்லிப் பாத்துக்குவேன்."

நார்மன்தான் முதலில் சிரித்தார். பிறகு ஹாலே சிரித்தது. கீத் மட்டும் சிரிக்கவில்லை. அவன் காதெல்லாம் சிவந்திருந்தது.

இன்ஸ்பெக்டர் லம்லி முதல் தடவையாகக் கேள்வி கேட்டார். "அப்படின்னா நீங்க எழுதிக் குடுத்தது, மிஸ்டர் டின்ஸ்டேல்?"

"ஒருத்தர் எழுதினாரு, நான் கையெழுத்துப் போட்டேங்க. விக்கறப்ப பாதை இல்லன்னு சொல்லிட்டேன். அப்புறம் இருக்குன்னு எப்படிச் சொல்றது?" அவன் ஃபேரோவின் பக்கம் திரும்பினான். "மன்னிச்சுக்குங்க ஜூலியன். அந்தப் பார்கினை வருஷா வருஷம் தின்னவன் நான். தின்னுட்டு இல்லன்னு சொல்ல முடியல."

பெம்பர்டன் பேனாவை மூடி வைத்தாள்.

மத்தியானம் இன்ஸ்பெக்டர் பாதையை நேரில் பார்க்கக் கிளம்பினார். கேட்டின் சங்கிலியை ஃபேரோவே அவிழ்த்தார். எல்லாரும் பின்னால் நடந்தார்கள். புறப்படும் முன் லம்லி தெளிவாகச் சொல்லிவிட்டார். நடக்கும்போது வழக்கைப் பற்றி ஒரு வார்த்தை யாரும் பேசக் கூடாது. கையை நீட்டி இடத்தைக் காட்டலாம். வானிலையைப் பேசலாம்.

டோரீனுக்குத் தன் வாயைத் தெரியும். திறந்தால் மூன்றாவது வார்த்தையில் வழக்குக்குள் போய் விழும். அதனால் திறக்கவே இல்லை. கல்படியில் அக்காவின் கையைப் பிடித்து ஏற்றினாள், இறக்கினாள். வயலில் பக்கத்தில் நடந்தாள். வாயைப் பூட்டிக்கொண்டு அவள் அவ்வளவு தூரம் நடந்ததை ஸ்கெல்பெக் அதற்கு முன் பார்த்ததில்லை. நார்மன் இரண்டு தடவை திரும்பிப் பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லையே என்று சைகையில் கேட்டார்.

ஈனிட் பேசினாள். செருமவும் இல்லை, பட்டனைத் தொடவும் இல்லை. குறுக்கே யாரும் வரவில்லை அல்லவா, வார்த்தை தானாக வந்தது. இந்த வருஷம் ஆட்டுக்குட்டிகள் தாமதம் என்றாள். ஓடையில் தண்ணீர் குறைந்திருக்கிறது என்றாள். பிறகு, மற்றவர்கள் முன்னால் போய்விட்ட பிறகு, குரலைத் தாழ்த்திச் சொன்னாள்.

"உன் லைசென்ஸ் போன அன்னைக்கு நான் சந்தோஷப்பட்டேன் டோரீன். சொல்லக் கூடாது, ஆனா பட்டேன். வண்டியில வந்தா நீ உக்காரவே மாட்ட. ஹாரன் அடிப்ப, பையைக் குடுப்ப, போயிடுவ. நடந்து வர ஆரம்பிச்சதுல இருந்துதான் ரெண்டாவது கப் டீ குடிக்கற. கேட்டைப் பூட்டினதும் நான் பாதைக்காக அழல. அந்த ரெண்டாவது கப்புக்காக அழுதேன்."

டோரீனுக்குப் பதில் சொல்ல வேண்டும் என்று இருந்தது. லம்லி முன்னால் போய்க்கொண்டிருந்தார். இது வழக்கா, இல்லையா? அவளுக்குத் தெரியவில்லை. அக்காவின் கையை எடுத்துத் தன் கைக்குள் இறுக்கிக்கொண்டாள். எத்தனை வருஷமாக இந்தப் பாதையில் இவளோடு நடந்து வருகிறோம், ஒரு தடவைகூட இவளை முழுசாகப் பேச விட்டதில்லையே என்று வெட்கமாக இருந்தது. நெதர் ரோவின் புகைபோக்கிகள் தெரியும் வரை அந்தக் கையை விடவில்லை.

கோடை முடிவதற்குள் முடிவு வந்தது. பாதை ஊர்ப் பாதைதான் என்று லம்லி எழுதிவிட்டார். கேட்டை எடுத்துவிட்டு ஆட்கள் மட்டும் நுழைகிற சின்னக் கதவு வைத்தார்கள். பலகை இருந்த கம்பத்தில் 'பொது நடைபாதை' என்ற பச்சை அம்பு வந்தது. நார்மன் அதன் கீழே நின்று போட்டோ எடுத்துக்கொண்டார், என்னவோ தானே வெட்டிய பாதை என்பது போல.

நவம்பர் வந்தது. டோரீன் நெதர் ரோவுக்குப் போனபோது மேஜையில் இரண்டு டின் இருந்தது.

"ஒண்ணு கீத்துக்கு," என்றாள் ஈனிட். "பாவம், விக்கறப்ப சொன்ன பொய்க்காக வக்கீல் வக்கீலா அலையறான். இன்னொண்ணு ஜூலியனுக்கு."

"எதுக்கு?"

"பாதைக்கு நன்றின்னு."

டோரீனுக்கு வாய் துடித்தது. தோற்றவனுக்கு நன்றியா, பட்டது போதாதா, எல்லாம் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் அவள் கோட்டைப் போட்டுக்கொண்டு, "அப்புறம்? முழுசாச் சொல்லு," என்றாள்.

"அப்புறம் என்ன, இப்பதான் பதிவாயிடுச்சே. இனிமே எவ்வளவு நன்றி வேணும்னாலும் சொல்லலாம். சட்டம் ஒண்ணும் பண்ணாது."

பண்ணை வீட்டுக் கதவை ஃபேரோவே திறந்தார். இரண்டு பேரையும் பார்த்ததும் முகம் இறுகியது. ஈனிட் செருமிக்கொண்டு, பட்டனைத் தொட்டுவிட்டு, டின்னை நீட்டினாள். டோரீன் ஒன்றும் பேசாமல் பக்கத்தில் நின்றாள்.

"பார்கின். பாதைக்கு நன்றி சொல்லிட்டுப் போலாம்னு வந்தோம்."

ஃபேரோ டின்னைப் பார்த்தார். ஈனிட்டைப் பார்த்தார். டோரீன் வாய் திறக்கப் போகிறாளா என்று ஒரு கணம் காத்துப் பார்த்தார். அவள் திறக்கவில்லை. அவர் தலையைத் திருப்பி, ஓடைப் பக்கம் போகும் தடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது என்னோடது இல்லையே," என்றார் கடைசியில். "நான் குடுக்கறதுக்கு என்ன இருக்கு?"

ஈனிட் சிரித்தாள். டோரீனின் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. மங்கிய கண்தானே என்று பார்க்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும் என்று துடைக்காமல் விட்டாள். இருவரும் திரும்பி நாலு அடி வைத்திருப்பார்கள், பின்னாலிருந்து குரல் வந்தது.

"மிசஸ் ரோத்வெல். கேக்கை வெச்சுட்டுப் போகணும்."

டின் இன்னும் ஈனிட்டின் கையிலேயே இருந்தது.